மழைக்கு முதல் ஒரு வரைபடம்: யாழ்ப்பாணத்தின் உள்ளூராட்சி சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாண மாநகர முதல்வருக்கும், நகரசபை, பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும், எல்லாக் கட்சிகளையும் சுயேச்சைக் குழுக்களையும் சேர்ந்த உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2025 மே 6ஆம் திகதி வரிசையில் நின்று உங்களை அந்தக் கதிரைகளுக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். எந்தக் கட்சிக்குப் போட்டேன் என்பது இங்கே தேவையில்லை. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் செயலாளர்கள்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். மாகாணசபையோ 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்ததிலிருந்து தேர்தலே காணாமல் ஆளுநர் கையில் கிடக்கிறது. ஆகவே எங்கள் வாக்கில் வந்து, எங்கள் ஊரிலேயே கூடி, எங்கள் முன்னால் கைதூக்கித் தீர்மானம் எடுக்கிற சபை என்றால் இன்றைக்கு இந்த மாவட்டத்தில் உங்கள் 17 சபைகள்தான். கொழும்புக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவது அதனால்தான்.

விஷயம் காலநிலை மாற்றம். உடனே மடலை மூடிவிட வேண்டாம். பனிமலை உருகுவதைப் பற்றியும் உலகத் தலைவர்கள் வருடா வருடம் கூடிக் கலைவதைப் பற்றியும் எழுத நான் வரவில்லை. உங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மேசையில் கிடக்கும் கட்டட அனுமதி விண்ணப்பம், ஒழுங்கை முகப்பில் அடைபட்டுக் கிடக்கும் மதகு, யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாத குளம்: யாழ்ப்பாணத்தின் காலநிலை அரசியல் இவற்றில்தான் நடக்கிறது என்பது என் வாதம்.

எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி அராலியில் கடனீரேரியில் விழுந்துவிடும். மலை இல்லை, காடும் சொல்லும்படி இல்லை. வருடத்துக்கு 1,200 மில்லிமீற்றரை ஒட்டி விழும் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கும் மழை, சுண்ணக்கல்லுக்குள் இறங்கினால்தான் மிச்ச மாதங்களுக்குக் குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் தண்ணீர். இது பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த சங்கதி. உங்களில் பலர் மேடையிலும் சொல்கிறீர்கள். இதற்கு அடுத்த வரியைத்தான் யாரும் சொல்வதில்லை.

இறங்கிய மழைத்தண்ணீர் கீழே பூட்டிய தாங்கி எதிலும் போய்ச் சேர்வதில்லை. குடாநாட்டின் அடியில் நாலு பக்கத்தாலும் கடல் ஊடுருவி நிற்கிறது. நன்னீர் அடர்த்தி குறைந்தது என்பதால் அந்த உப்புநீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழம் போகப் போக உவர்நீருமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இருவரின் பெயரில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீற்றருக்கு நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே தண்ணீர் ஒரு சாண் இறங்கினால், கீழேயிருந்து உப்பு ஒன்பது மீற்றர் ஏறுகிறது. எங்கள் சுண்ணக்கல் முழுக்க வெடிப்பும் பொந்துமாக இருப்பதால் கணக்கு அச்சொட்டாக ஒத்துவராது. ஆனால் போகிற திசை அதுதான். இறைப்பு கூடினாலும் சரி, மழை இறங்குவது குறைந்தாலும் சரி, கடல் உயர்ந்தாலும் சரி, மூன்றுக்கும் முடிவு சவர்.

கடல் உயர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 1901இலிருந்து 2018 வரைக்கும் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்ததாக ஐக்கிய நாடுகளின் காலநிலைக் குழு கணக்கிட்டிருக்கிறது. வேகமும் கூடி வருகிறது. இந்தக் குடாநாட்டின் மிகப் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 10 மீற்றருக்குள் கிடக்கிறது. தீவுப்பகுதி அதைவிடத் தாழ்வு. சவர் ஏறிய கிணற்றைப் பார்க்க நீங்கள் தீவுக்குப் போக வேண்டியதில்லை. உப்பாற்றங்கரைக் கிராமம் எதிலாவது ஆவணி மாதத்தில் ஒரு வீட்டில் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்தால் போதும். சீனி போட்டும் மறையாத ஒரு கரிப்பு அதில் இருக்கும். அந்த வீட்டுக்காரர்கள் அதைக் குடித்துப் பழகிவிட்டார்கள்.

கடலைத் தடுத்து நிறுத்த உங்களால் முடியாது. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. மழை எங்கே இறங்குகிறது என்பதை மட்டும் நீங்கள் தீர்மானிக்கலாம். சொல்லப்போனால் இப்போதும் நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே.

காற்று 1 பாகை சூடேறினால் அது ஏறக்குறைய 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அதனால்தான் பெய்கிற நாளில் பேய்த்தனமாகப் பெய்கிறது, காய்கிற நாளில் அப்படியே காய்கிறது. 2020 மார்கழியில் புரெவிப் புயல், 2024 கார்த்திகைக் கடைசியில் ஃபெங்கல், 2025 கார்த்திகையில் டித்வா. டித்வா நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது, அதில் மலையகத்தின் மண்சரிவுகள்தான் பெரிய கொடுமை. எங்களுக்கு மண்சரிவு இல்லை. எங்கள் வெள்ளம் வேறு மாதிரி. மெதுவாக வரும், முழங்கால் அளவில் நிற்கும், போகாது. 2024இல் அது வடிந்து முடிய முன்னரே எலிக்காய்ச்சல் பரவி ஆட்களைக் கொன்றது நினைவிருக்கும்.

ஏன் போகாமல் நிற்கிறது? வலிகாமத்தில் எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊரையும் சபையையும் பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றச் சபைகள் எல்லாம் "அது அவையின்ர பிரச்சினை" என்று ஆறுதலாக இருந்துவிடும். ஒழுங்கை முடிகிற இடத்தில் தாழ்வான வயற்காணி ஒன்று இருந்தது. நாலைந்து ஒழுங்கைகளின் தண்ணீர் அதற்குள் இறங்கி, பத்துப் பதினைந்து நாளில் நிலத்துக்குள் போய்விடும். காணி கைமாறியது. ஒரு கிழமைக்கு ரிப்பர்கள் வந்தன. முதலில் இடித்த கட்டடங்களின் கல்லும் ஓடும், மேலே கிரவல். பிறகு சுற்றிவர மதில், அத்திவாரம் இல்லாமல் அல்ல, நல்ல கனமான அத்திவாரம். மதிலுக்கு வெளியே பழைய வாய்க்கால் இருந்த இடத்தில் வாகனம் ஏறுவதற்குச் சரிவாகக் கொங்கிறீற் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் அனுமதி இருந்தது. அனுமதிப் படத்தில் வீடு இருந்தது, மலசலகூடம் இருந்தது, மதில் இருந்தது. தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போகிறது என்று காட்ட அந்தப் படத்தில் இடமே இல்லை.

அடுத்த கார்த்திகையில் ஒழுங்கைத் தண்ணீர் வீடுகளுக்குள் வந்தது. சபை உழவு இயந்திரத்தில் பம்ப் கொண்டுவந்து இறைத்தது. எங்கே இறைத்தது? அடுத்த ஒழுங்கைக்குள். அந்த ஒழுங்கைக்காரர் மண்மூட்டை அடுக்கினார்கள், வாய்த்தர்க்கம் வந்தது, பொலிஸ் வந்தது. காணி நிரப்பியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. வெளிநாட்டில் குளிரில் நின்று உழைத்த காசில் வாங்கிய இரண்டு பரப்பில் வீடு கட்டுகிற மனிதர் அவர். இந்த இடத்தில் கட்டக்கூடாது என்று அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. இதே கதை நல்லூரிலும் கோப்பாயிலும் சாவகச்சேரியிலும் வேறு வேறு பரப்பளவில் நடக்கிறது என்பதை நீங்களே அறிவீர்கள். வயலும் தரவையும் மலிவு, வீதிக்குக் கிட்டிய தோட்டக்காணி விலை. மலிவான காணி நிரம்புகிறது, தண்ணீர் இருக்க இடம் தேடி வீட்டுக்குள் வருகிறது. நிலத்துக்குள் இறங்கியிருக்க வேண்டிய மழையோ வெள்ளவாய்க்காலால் கடலுக்கு ஓடுகிறது. அதே வீட்டுக்காரர் சித்திரையில் பவுசருக்கு அடித்துச் சொல்கிறார், கிணற்றில் தண்ணீர் சவர் என்று.

குளங்களைப் பற்றியும் இதையே சொல்லலாம். குடாநாட்டில் ஆயிரத்தை எட்டும் சிறு குளங்களும் கேணிகளும் இருப்பதாகக் காலம் காலமாகச் சொல்லி வருகிறோம். எத்தனை மிச்சம் என்று கேட்டால் ஒவ்வொரு திணைக்களமும் ஒவ்வொரு கதை சொல்லும். சில குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ், சில உங்கள் சபையின் கீழ், சில கோயிலுக்குச் சொந்தம், சிலவற்றுக்கு உறுதியே இல்லை. ஆரியகுளத்தை மாநகரசபை 2021இல் சுற்றிக் கட்டி விளக்குப் போட்டு அழகாக்கியது. நல்லது, பின்னேரத்தில் பிள்ளைகள் போய் இருக்க ஓர் இடம். ஆனால் குளத்தின் வேலை அழகாக இருப்பது என்று நினைக்க ஆரம்பித்துவிட்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நடைபாதையும் கதிரையும் போட்ட குளத்துக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் எது, நிரம்பினால் வெளியேறும் வழி எது என்று கேட்டால் பதில் வர வேண்டும். நகரத்தில் இன்னும் புல்லுக்குளம் இருக்கிறது, நாயன்மார்கட்டுக் குளம் இருக்கிறது. ஊர்களில் பெயரே மறந்துபோன குளங்கள் எத்தனையோ. பெரும்பாலானவை இப்போது பிளாஸ்ரிக் போத்தலும் பம்பேர்ஸும் போடுகிற பள்ளங்கள்.

வெள்ளம் எல்லோர் வீட்டுக்கும் ஒரே மாதிரி வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பொம்மைவெளிக்குப் போய்ப் பாருங்கள். 1990இல் விரட்டப்பட்டு, எத்தனையோ வருடங்கள் புத்தளத்தில் கிடந்து திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள் பல அங்கே இருக்கின்றன. நகரத்துக்குள் அவர்களுக்குக் கிடைத்தது வெள்ளம் நிற்கிற நிலம். நாவாந்துறை, குருநகர்க் கரையோரமும் அப்படித்தான். ஒவ்வொரு மாரியும் அதே பாடசாலை, அதே பாய், அதே சமைத்த உணவுப் பொதி, அதே புகைப்படம். நிவாரணம் கொடுக்கப் போகிறவர்கள் பாதீட்டு விவாதத்திலும் அந்த இடத்தின் பெயரைச் சொன்னால் நன்றாக இருக்கும்.

சரி, இப்போது அரசியலுக்கு வருவோம்.

சுற்றாடல் என்றதும் எங்கள் அரசியலுக்கு உடனே நினைவு வருவது வெளியாரின் அநியாயம். அதில் பொய் இல்லை. இழுவைமடிப் படகுகள் பாக்குநீரிணையின் அடித்தளத்தையே வழித்துக்கொண்டு போகின்றன. இலங்கை 2017இல் சட்டம் போட்டு அடித்தள இழுவையைத் தடைசெய்தது, அந்தத் தனிநபர் பிரேரணையைக் கொண்டுபோனது அப்போது யாழ்ப்பாணத்து நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சுமந்திரன். படகுகள் இன்னும் வருகின்றன. வலிகாமம் வடக்கில் 1990 முதல் படையினர் வசமிருக்கும் காணிகள் இன்னும் முழுதாக விடுபடவில்லை. கடற்கரையோரம் கடலட்டைப் பண்ணை கொடுப்பதில் சிறு மீனவரின் தொழில்வழி அடைபடுவதாக எத்தனை போராட்டம்! மன்னாரில் காற்றாலைக்கு எதிராக மக்கள் வீதியில் இறங்கினார்கள். அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் மன்னார், பூநகரித் திட்டத்திலிருந்து விலகியது, ஆனாலும் அங்கே பிரச்சினை ஓயவில்லை. புதுப்பிக்கத்தக்க சக்தி நல்லது என்பதற்காக, ஊர்ச் சனத்தைக் கேட்காமல் அவர்கள் தலைக்கு மேல் சுழலவிட முடியாது என்ற பாடத்தை மன்னார் நாட்டுக்கே படிப்பித்தது.

எங்கள் மூன்று தீவுகளின் கதை இன்னும் வேடிக்கை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் டீசலைக் குறைத்து, சூரியனும் காற்றும் கலந்த மின்சாரம் கொடுக்கும் திட்டம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு 2021 தொடக்கத்தில் அது ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு கிட்டவா என்று இந்தியா முகம் சுளித்தது. வருடக் கடைசியில் 'மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கரிசனை' என்று சொல்லிச் சீனத் தரப்பு ஒதுங்கியது. பிறகு இந்தியா தானே நன்கொடையாகச் செய்து தருவதாக வந்து, 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இத்தனை இழுபறியும் எவ்வளவு மின்சாரத்துக்கு? சூரிய சக்தி 1,700 கிலோவாற், காற்று 530 கிலோவாற். இரண்டு வல்லரசுகள் மோதிக்கொண்ட அந்த வருடங்களில் தீவுச் சனத்துக்கு ஓடியது அதே டீசல் இயந்திரம். தங்களுக்கு எது வேண்டும் என்று நெடுந்தீவில் யாரும் ஒரு கூட்டம் வைத்துக் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. அங்கே ஒரு பிரதேச சபை இருக்கிறது என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

இவ்வளவும் உண்மை. இவற்றுக்காக நீங்கள் தீர்மானம் நிறைவேற்றுவதையும் கண்டன அறிக்கை விடுவதையும் நான் குறை சொல்லவில்லை. கேள்வி வேறு. கடலில் வருகிறவனுக்கும் கொழும்பில் இருக்கிறவனுக்கும் எதிராகப் பேசும்போது எங்களுக்கு வருகிற குரல், எங்கள் வாய்க்காலை எங்கள் ஆளே அடைக்கும்போது ஏன் அடங்கிப் போகிறது? அவர் வாக்காளர் என்பதாலா? கோயில் தர்மகர்த்தா என்பதாலா? கனடாவிலிருந்து விளையாட்டுக் கழகத்துக்குக் காசு அனுப்புகிறவர் என்பதாலா?

சுன்னாகத்தை எடுத்துப் பாருங்கள். கிணறுகளில் கழிவு எண்ணெய் மிதந்தது. தண்ணீர் அள்ளினால் வாளியின் விளிம்பில் எண்ணெய்ப் படலம், மண்ணெண்ணெய் மணம். மாகாணசபையின் நிபுணர் குழு ஒன்றைச் சொன்னது, நீர்வழங்கல் சபையின் பரிசோதனைகள் இன்னொன்றைச் சொன்னன. எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்பதே கட்சி விவகாரமாகிப் போனது. எந்தக் கட்சிக்காரர் என்று தெரிந்தால் கிணற்றைப் பற்றி அவர் என்ன சொல்வார் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்கிற அளவுக்கு. வழக்கை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் தெற்கைச் சேர்ந்த சூழலியலாளர் ரவீந்திர குணவர்தன காரியவசம். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அங்கே அனல்மின் நிலையம் நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்றும், மேற்பார்வை செய்ய வேண்டிய அரச நிறுவனங்கள் கடமை தவறின என்றும் நீதிமன்றம் சொன்னது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குப் பிரித்தால் அது கிணறு துப்புரவாக்கும் செலவுக்கே காணாது. ஆனால் தண்ணீரை மாசாக்கினால் கட்டவேண்டி வரும் என்று நாட்டின் உயர் நீதிமன்றம் எங்கள் கிணறுகளை வைத்துத்தான் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை எங்கள் சபை அமர்வு ஒன்றில் மேசையில் வைத்து, இனி எங்கள் எல்லைக்குள் இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்வோம் என்று ஒரு பின்னேரமாவது பேசியிருக்கிறீர்களா?

"இனிக் குழாய்த்தண்ணீர் வருகுதுதானே" என்று சில உறுப்பினர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரணைமடுத் தண்ணீருக்குக் கிளிநொச்சி விவசாயிகள் இசையவில்லை. அவர்களுடைய பயத்திலும் நியாயம் இருந்தது. அதனால் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் தாளையடியில் கட்டப்பட்டு 2024 ஆவணியில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் அதன் கொள்ளளவு. சவர்க் கிணற்றுக்காரருக்கு அது பெரிய விடுதலை, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க மின்சாரம் அள்ளி இறைக்க வேண்டும். மின்கட்டணம் ஏறினால் தண்ணீரும் ஏறும். இன்னொன்றையும் கவனியுங்கள். குழாய் வீட்டுக்குள் வருகிறது, வெளியே போகக் குழாய் இல்லை. யாழ்ப்பாணத்தில் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி கிடையாது. உள்ளே வருகிற தண்ணீர் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவும் மலசலகூடக் குழிக்கும் சோக்பிற்றுக்கும் போய், அங்கிருந்து அதே சுண்ணக்கல்லுக்குள்தான் இறங்கும். ஏற்கெனவே உரத்தாலும் குழிகளாலும் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுவதைப் பல்கலைக்கழக ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இப்போது மாடிக் கட்டடங்களும் விடுதிகளும் வேறு. அடி போடாத குழிக்கு அனுமதி கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுக் கிணற்றைப் பற்றி உங்கள் சபை ஒரு முடிவை எடுக்கிறது.

தோட்டக்காரருக்கும் ஒன்று. சூரியகல பம்புக்கு மானியம் கொடுக்க எல்லோரும் முன்வருகிறார்கள். டீசல் மிச்சம், புகை இல்லை, படம் எடுத்துப் போட நல்லது. ஆனால் மண்ணெண்ணெய்க்குக் காசு கொடுத்தவன் பார்த்துப் பார்த்து இறைத்தான். வெயில் இலவசம் என்றால் பகல் முழுக்க ஓடும். துலாவால் இறைத்த காலத்தில் கிணறு ஊறும் வேகத்துக்குள் மனிதன் நின்றான், அவனுக்குக் கைவலி ஓர் எல்லை. துலாவுக்குத் திரும்புவோம் என்று சொல்லும் விசர் எனக்கில்லை. பம்போடு சேர்த்துத் தூவல் பாசனமும் நேரக் கட்டுப்பாடும் கொடுக்காவிட்டால், காலநிலைக்கு நல்லது என்று நாங்கள் செய்கிற வேலையே உப்பை மேலே இழுத்துவிடும் என்கிறேன். இதைக் கமநலக்காரரோடு இருந்து பேச வேண்டியது உங்கள் சபைகள்.

மரநடுகை பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஆனி 5 உலக சுற்றாடல் தினம் என்று சோளகக் காற்றில், வெடித்த நிலத்தில் கன்று வைத்துப் படம் எடுக்கிறீர்கள். ஆடி பிறக்க முதல் அது காய்ந்துவிடும். வடக்கு மாகாணசபை இருந்த காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தது எங்கள் மழையைப் பார்த்துத்தான். அதைப் பின்பற்றினாலே பாதிக் கன்று பிழைக்கும். கல்லுண்டாய்க் குப்பைமேடு எரிவதைப் பற்றி எழுதி எழுதி எல்லோரும் களைத்துவிட்டோம். மாநகரசபைக்கு மட்டுமல்ல, அந்தப் புகையைச் சுவாசிக்கிற பக்கத்துப் பிரதேச சபைக்கும் அதில் வேலை இருக்கிறது.

இனி, வழமையான பதில் வரும்: "எங்களுக்கு அதிகாரம் இல்லை, நிதி இல்லை." பெரிய திட்டங்களுக்கு உண்மைதான். பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று முன்வைத்த திட்டத்தை எடுங்கள். ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சிக் கடனீரேரிக்கும் உப்பாற்றுக்கும் கொண்டுவருவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் வந்தன, மிச்சம் 70 வருடமாகத் தேர்தலுக்குத் தேர்தல் எழும்பிப் படுக்கிறது. அதைக் கட்டி முடிக்கச் சொல்லி உங்களைக் கேட்க முடியாது. ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் உள்ளூர் வீதி, வடிகால், பொதுச் சுகாதாரம், குப்பை எல்லாம் உங்கள் தலையில்தான். கட்டட அனுமதிப் புத்தகம் உங்கள் அலுமாரியில். சோலைவரி உங்கள் கையில். ஒரு வாய்க்காலின் மேல் கொங்கிறீற் போட்டவருக்கு அதை உடைக்கச் சொல்லிக் கடிதம் எழுத ஜனாதிபதியின் அனுமதி தேவையில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு சபையும் தன் எல்லைக்குள் இருக்கிற குளம், கேணி, வெள்ளவாய்க்கால், மதகு, தண்ணீர் தங்குகிற தாழ்நிலம் அத்தனையையும் ஒரு வரைபடத்தில் குறிக்க வேண்டும். எது யாருடைய பொறுப்பு என்று பக்கத்தில் எழுத வேண்டும். உரிமை தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள், குறையில்லை. நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்கள் இருக்கின்றன, பல்கலைக்கழகத்துப் புவியியல் துறை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக எந்த ஒழுங்கையின் தண்ணீர் எங்கே போனது என்று சொல்லக்கூடிய கிழவர்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் இன்னும் இருக்கிறார்கள். வட்டார உறுப்பினர் ஒரு சனி ஞாயிறு அவர்களோடு நடந்தால் பாதி வேலை முடிந்தது. வழுக்கையாறு பல பிரதேச சபைகளுக்கு ஊடாகப் போகிறது. அந்தச் சபைகள் கட்சி பாராமல் ஒரு மேசையில் இருந்து ஒரே வரைபடம் வரைய வேண்டும். தண்ணீருக்கு உங்கள் எல்லைக்கல் தெரியாது.

அந்த வரைபடம் வெளிவரும் வரைக்கும் அதில் விழக்கூடிய தாழ்நிலங்களை நிரப்பப் புதிய அனுமதி கொடுக்காதீர்கள். வந்த பிறகு, கட்டட அனுமதிப் படிவத்தில் தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும் காட்டச் சொல்லி ஒரு வரி சேருங்கள். மதகு துப்புரவாக்கும் காசை ஆவணியிலேயே ஒதுக்குங்கள். கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் நின்று மண்வெட்டி பிடிப்பது படத்துக்கு மட்டும்தான் உதவும்.

எங்கள் பக்கத்திலிருந்தும் செய்வதற்கு இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கடந்த மூன்று வருடங்களில் தாழ்நிலங்களில் கொடுத்த கட்டட அனுமதிகளின் விபரத்தை எங்கள் சபையிடம் கேட்டு நானும் அயலவர் சிலரும் விண்ணப்பம் கொடுக்கப் போகிறோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். மற்றச் சபைகளின் எல்லைக்குள் இருப்பவர்களும் அவரவர் சபையிடம் கேளுங்கள், படிவம் நிரப்பக் கஷ்டம் என்றால் ஊர் நூலகத்தில் ஒருவராவது உதவுவார். தகவல் உத்தியோகத்தர் யார் என்று அறிவித்தல் பலகையில் போட்டிராத சபைகள் முதலில் அதைப் போட்டுவிடுங்கள். வரைபடத்தையும் அதே பலகையில் ஒட்டினால் போதும், இணையத்தளம் ஆறுதலாக வரட்டும்.

இப்படிக்கு,
வலிகாமத்திலிருந்து சோலைவரி கட்டும் வாக்காளன் ஒருவன்